சட்டமன்ற உறுப்பினரிடம் எதை முதலில் கேட்பது?

சட்டமன்றக் கூட்டத்தொடர் நெருங்குகிறது என்ற செய்தி வந்தவுடன் நம் சங்கங்களில் கோரிக்கை மனுக்கள் தயாராகின்றன. நெசவாளர் தரப்பில் பத்து, விவசாயிகள் தரப்பில் பத்து என்று இருபது கோரிக்கைகள் ஒரே மனுவில் இடம் பெறும். சங்கத் தலைவரும் சில அங்கத்தினர்களும் சட்டமன்ற உறுப்பினரைக் கண்டு, பொன்னாடை போர்த்தி, மனுவைக் கொடுத்துத் திரும்புவர். கூட்டத்தொடர் முடிந்த பின் பார்த்தால், இருபதில் ஒன்றேனும் நிறைவேறியிருப்பது அரிது. “உறுப்பினர் நம்மை மறந்துவிட்டார்” என்று குறை கூறிக்கொண்டு அடுத்த கூட்டத்தொடருக்கு அதே மனுவை மறுபடியும் எழுதுவோம்.

இக்குறையில் சில வேளைகளில் நியாயம் உண்டு. ஆயினும் நம் மனுவையும் நாம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசிடம் கேட்க வேண்டியதும் மாநில அரசிடம் கேட்க வேண்டியதும் அதில் கலந்து கிடக்கும். சட்டத்தால் ஆக வேண்டியது எது, பணத்தால் ஆக வேண்டியது எது, ஓர் அலுவலரின் ஆணையாலேயே முடியக்கூடியது எது என்ற பாகுபாடு இராது. எது முதலில் வேண்டும் என்றும் நாம் சொல்லியிருக்க மாட்டோம். நாம் வரிசைப்படுத்தாத கோரிக்கைகளைப் பிறர் வரிசைப்படுத்துவர். அவ்வரிசை நமக்கு உகந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே, கூட்டத்தொடருக்கு முன் சங்கம் தன் கோரிக்கைகளை எவ்வாறு சோதித்து வரிசைப்படுத்துவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

உறுப்பினரின் காலமும் நமது பங்கும்

தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பேரவையில் 234 உறுப்பினர்கள் உள்ளனர். மேலவை 1986இல் நீக்கப்பட்டுவிட்டமையால், மாநிலச் சட்டங்களும் மானியக் கோரிக்கைகளும் இந்த ஒரே அவையில்தான் விவாதிக்கப்படுகின்றன. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது என்று அரசியலமைப்பின் 174ஆம் பிரிவு கூறுகிறது. ஆண்டின் முதற் கூட்டத்தொடர் ஆளுநர் உரைக்கு உரியது. பின்னர் வரவுசெலவுத் திட்டமும், துறைவாரியான மானியக் கோரிக்கைகளும் வரும். வினாக்களுக்கு நாளொன்றுக்கு ஒதுக்கப்படும் காலம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வாய்மொழியாக விடை கிடைக்கும் வினாக்கள் சிலவே.

உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியின் சாலை, குடிநீர், மருத்துவமனை, பள்ளிக்கூடம், பேருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் இக்குறுகிய காலத்துக்குள் இடம் தேட வேண்டும். 2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர், 234 தொகுதிகளின் உறுப்பினர்களும் தத்தம் தொகுதியில் நெடுநாளாகத் தீராத பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் அளிக்குமாறு கடிதம் எழுதினார். ஒரு தொகுதி முழுவதற்கும் பத்தே கோரிக்கைகள். அப்பத்தில் நம் சங்கத்துக்குக் கிடைக்கக்கூடிய இடம் ஒன்று அல்லது இரண்டு என்பதைக் கணக்கிட்டு அறியலாம். இருபது கோரிக்கைகளைக் கொண்டு செல்லும் சங்கம், எந்த ஒன்றை எடுப்பது என்ற தீர்ப்பை உறுப்பினரின் உதவியாளரிடம் விட்டுவிடுகிறது.

முதற் சோதனை: அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. விவசாயம், நீர்ப்பாசனம், சந்தைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. கூட்டுறவு மாநிலப் பொருளே என்பது அண்மைக் காலத்திலும் உறுதி செய்யப்பட்டது. 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகம் பற்றிப் பல விதிகளைச் சேர்த்தது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலைப் பெறாமையால், ஒரு மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அவ்விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே நம் சங்கங்களை ஆளும் சட்டம் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமே. அதைத் திருத்தும் உரிமை நம் தொகுதி உறுப்பினர் அமர்ந்திருக்கும் அவைக்கு உண்டு.

மாறாக, பருத்தி இறக்குமதி வரி மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நெல், பருத்தி முதலிய விளைபொருள்களின் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பதும் மத்திய அரசே. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டிருந்தன, பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. சரக்கு மற்றும் சேவை வரி விகிதம் அதற்குரிய மன்றத்தில் முடிவாகிறது. அம்மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கும், மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும் மதிப்பு உண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஒரு மாநிலம் தனித்து நின்று எதையும் மாற்ற இயலாது.

பருத்தி வரியில் வேறொரு சிக்கலும் உண்டு. 2025 ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு பருத்தியின் 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை நிறுத்திவைத்து, பின்னர் அச்சலுகையை அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நூல் விலை குறையும் என நெசவாளர் எதிர்பார்ப்பதும், தம் பருத்திக்கு விலை விழும் என விவசாயி அஞ்சுவதும் இயற்கை. இரு சாராரும் அங்கம் வகிக்கும் இயக்கத்தில் இத்தகைய கோரிக்கையை மனுவின் தலைப்பில் வைப்பது, நம்முள் பிளவை உண்டாக்குவதோடு, அதிகாரம் இல்லாத அவையில் நம் வாய்ப்பைச் செலவிடுவதாகவும் முடியும்.

மத்திய அரசின் பொருள் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக வந்த இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென மத்திய அரசை வற்புறுத்தினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. எனினும் 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை வீதம் கூடுதல் தீர்வை விதிக்கும் சட்டம் வந்தது. அவ்வருவாய் கதர், கைத்தறி வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் அறிஞர் அண்ணாவும் அவர் இயக்கத்தினரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். முதலமைச்சரும், அவரை எதிர்த்த கட்சியும், நெசவாளர் சங்கங்களும் ஒரே பொருளைப் பேசியபோது டில்லி செவிசாய்த்தது. ஆகவே மத்திய அரசுக்குரிய கோரிக்கைகளைத் தனித் தாளில் எழுதி, பல சங்கங்கள் கூடி, நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சேர்த்துக் கொடுப்பதே முறை.

இரண்டாம் சோதனை: சட்டமா, பணமா, ஆணையா?

மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட கோரிக்கைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

சில கோரிக்கைகள் சட்டத்தால் மட்டுமே நிறைவேறும். காவிரி டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020 பிப்ரவரியில் பேரவை இயற்றிய சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. விளைநிலத்தில் இன்னின்ன தொழில்கள் புதிதாகத் தொடங்கலாகாது என்ற தடையைச் சட்டமன்றம் விதித்தது. இத்தகைய தடையைத் துறை அலுவலர் ஒருவரின் சுற்றறிக்கையால் நிலைநிறுத்த முடியாது.

சில கோரிக்கைகளுக்குப் பணம் வேண்டும். நெல்லுக்கு மத்திய அரசு அறிவிக்கும் ஆதரவு விலைக்கு மேல் மாநிலம் ஊக்கத்தொகை சேர்த்துத் தரலாம்; 2021-22 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாடு, சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 75 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 100 ரூபாயும் அவ்வாறு அளித்தது. பணம் கேட்கும்போது ஒரு விதியை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 203ஆம் பிரிவின்படி, பேரவை ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், உயர்த்த முடியாது. புதிய செலவைக் கேட்கும் உரிமை அமைச்சரவையிடமே இருக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து பெயரளவில் ஒரு சிறு தொகையைக் குறைக்கச் சொல்வதும், அத்துறையின் குறைகளைப் பேச வாய்ப்புப் பெறுவதற்காகவே. ஆகவே மானியக் கோரிக்கை அவைக்கு வந்த பின் “எங்களுக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள்” என்று மனுக் கொடுப்பது, பந்தி முடிந்தபின் இலை கேட்பதை ஒக்கும். வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வருகிறது. துறைகளின் மதிப்பீடுகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தயாராகின்றன. பணக் கோரிக்கை ஐப்பசிக்குள் அமைச்சரையும் துறையையும் எட்டியிருக்க வேண்டும். தேர்தல் ஆண்டில் இக்கணக்கு மாறும்: 2021இல் பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கையும், ஆட்சி மாறியபின் ஆகஸ்ட் 13இல் திருத்திய அறிக்கையும், மறுநாள் வேளாண்மைக்கென முதன்முறையாகத் தனி அறிக்கையும் வந்தன.

மூன்றாம் வகைக் கோரிக்கைக்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய பணமும் வேண்டாம். காலத்தில் ஓர் ஆணை போதும். இவ்வகையை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் நெசவாளர் வீட்டு அடுப்பு எரிவது பல வேளைகளில் இதைப் பொறுத்தே இருக்கிறது.

மூன்றாம் சோதனை: எந்த நாளுக்குள் வேண்டும்?

பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983இல் தொடங்கியது. அதற்கான உற்பத்தி கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேலை தருகிறது. தை முதல் நாளில் துணி மக்கள் கையில் இருக்க வேண்டுமாயின், மார்கழியில் அது கிடங்குகளுக்குச் சென்றிருக்க வேண்டும். அதற்கு முன் நூல் வாங்குதல், சாயமிடுதல், பாவு ஓட்டுதல், நெய்தல், தரம் பார்த்தல் ஆகிய வேலைகள் உள்ளன. உற்பத்தி ஆணை ஆனியில் வந்தால் தறி ஆறு மாதம் ஓடும். ஐப்பசியில் வந்தால் சில வாரங்களே ஓடும். இரு ஆண்டுகளிலும் ஒதுக்கீட்டுத் தொகை ஒன்றாகவே இருக்கக்கூடும். நெசவாளரின் வருமானம் ஒன்றாக இராது.

விற்பனைத் தள்ளுபடி மானியத்தையும் இச்சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்போம். ஒரு சங்கம் பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள சேலைகளை 20 விழுக்காட்டுத் தள்ளுபடியில் விற்றது என்று கொள்வோம். வாங்கியோர் எட்டு லட்சம் கொடுத்தனர். மீதி இரண்டு லட்சத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். ஒரு சேலைக்குக் கூலி ஆயிரம் ரூபாய் எனில், அந்த இரண்டு லட்சம் 200 சேலைகளுக்கான கூலியாகும். அத்தொகை பதினெட்டு மாதம் தாமதமானால், ஆண்டுக்கு 10 விழுக்காட்டு வட்டியில் வங்கிக் கடன் வாங்கிச் சமாளிக்கும் சங்கம் 30,000 ரூபாய் வட்டி செலுத்தும். இந்த வட்டியை எந்த அரசாணையும் ஈடுசெய்வதில்லை. அது ஆண்டு முடிவில் நம் பங்கு ஈவிலிருந்தும் போனசிலிருந்தும் கழிகிறது.

விவசாயிக்கும் இவ்வாறே. கோடைப் பருத்தி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்களில் மழை பெய்தால், உலர்களமும் கூரையும் இல்லாத இடத்தில் பருத்தி நனையும். நனைந்த பருத்திக்கு ஏலத்தில் வியாபாரி சொன்னதே விலையாகும். அறுவடைக்குப் பின் கட்டிமுடிக்கப்படும் உலர்களத்தால் அவ்வாண்டு விவசாயிக்குப் பயனில்லை.

நாம் முன்வைக்கும் வரிசை

இம்மூன்று சோதனைகளையும் கொண்டு, ஒரு சட்டமன்ற உறுப்பினர் வரும் கூட்டத்தொடரில் நம் பொருட்டு முதன்மையாகக் கொள்ள வேண்டியவை என நாம் கருதும் மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, சங்கங்களின் நிர்வாகக் குழுத் தேர்தல். 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிவுற்றது. அதன்பின் சங்கங்கள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. எந்த நூலை எங்கு வாங்குவது, எந்த ரகம் நெய்வது, எவருக்குக் கடன் தருவது என்பவற்றைப் பங்குத்தொகை செலுத்தியவர்களே தீர்மானிப்பது கூட்டுறவின் உயிர்நிலை. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களிலும் முறைகேடுகள் நடந்ததுண்டு என்று சிலர் கூறுவர். அது உண்மையே. அதற்கு மருந்து காலந்தவறாத தணிக்கையும், இறந்தோர் பெயரும் போலிப் பெயரும் நீக்கிய அங்கத்தினர் பட்டியலும் ஆகும். தேர்தலைத் தள்ளிப்போடுவது மருந்தாகாது. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறச் சட்டத்திலேயே உறுதி வேண்டும் என்று கேட்பது, முற்றிலும் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்குள் அடங்குவது, நெசவாளர்க்கும் விவசாயிக்கும் பொதுவானது, பெருஞ்செலவு இல்லாதது. உங்கள் சங்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இருக்குமாயின், அடுத்த தேர்தல் தவறாமைக்கான உறுதியைக் கேட்கலாம்.

இரண்டாவது, தள்ளுபடி மானிய நிலுவையும் வேட்டி சேலை உற்பத்தி ஆணையின் நாளும். இவை இரண்டும் ஏற்கெனவே அரசு ஏற்றுக்கொண்ட கடமைகள். புதிய சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. தருவதைக் காலத்தில் தருமாறு கேட்கிறோம்.

மூன்றாவது, விற்பனைக்கூடத்தில் உலர்களமும் கூரையும். இது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தோ விற்பனைக்குழுவின் நிதியிலிருந்தோ ஆகக்கூடிய சிறு வேலை. அமைச்சரவையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

நூல் விலை, இறக்குமதி வரி, ஆதரவு விலை ஆகியவற்றை இவ்வரிசையில் சேர்க்காததால் சில அங்கத்தினர்களுக்கு வருத்தம் உண்டாகலாம். அவை சிறியவை என்பதால் நாம் விடவில்லை. அவற்றுக்குரிய அவை வேறு. அவ்வழியில் பல மாவட்டச் சங்கங்கள் ஒன்றுகூடிச் செல்ல வேண்டும்.

கேட்கும் முறை

“நெசவாளர் துயரைத் துடைக்க அரசு ஆவன செய்யுமா?” என்ற வினாவுக்கு, “அரசு ஆவன செய்து வருகிறது” என்ற விடையே கிடைக்கும். அதே வினாவை, “இம்மாவட்டத் தொடக்க நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சென்ற மார்ச் 31 வரை தர வேண்டிய தள்ளுபடி மானியம் எவ்வளவு? அதில் ஓராண்டுக்கு மேற்பட்ட நிலுவை எவ்வளவு? எந்நாளுக்குள் வழங்கப்படும்?” என்று எழுதிக் கொடுத்தால், துறை கணக்கெடுத்தே விடையளிக்க வேண்டும். வினாவுக்குப் பல நாட்கள் முன்னரே அறிவிப்புத் தர வேண்டியிருப்பதால், இத்தாளுடன் சங்கத்தின் தணிக்கை செய்த கணக்கையும் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உறுப்பினரிடம் சேர்த்துவிடுதல் நன்று. ஆளுங்கட்சி உறுப்பினராயின் அமைச்சரிடம் நேரில் கூறுவார். எதிர்க்கட்சி உறுப்பினராயின் வினாவும் கவன ஈர்ப்பும் எழுப்புவார். இருவருக்கும் கணக்கே ஆயுதம்.

கூட்டத்தொடருக்குப் பின்

அவையில் அமைச்சர் “பரிசீலிக்கப்படும்”, “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று கூறினால், சங்கத்தின் வேலை பாதிதான் முடிந்தது. இத்தகைய வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கெனப் பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு உள்ளது. மக்களின் மனுக்களை ஆராய மனுக்கள் குழுவும், செலவுக் கணக்கை ஆராயப் பொதுக் கணக்குக் குழுவும் உள்ளன. அமைச்சர் சொன்ன நாளையும் சொற்களையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்ப வேண்டும்.

பெரிய அறிவிப்புகளுக்கும் இது பொருந்தும். 2021 பிப்ரவரி 5 அன்று அன்றைய முதலமைச்சர், விதி 110இன் கீழ், 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவு நிறுவனங்களில் பெற்ற 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். விதி 110இன் கீழ் வரும் அறிக்கை மீது விவாதம் இல்லை. கடன் பெற்ற விவசாயி அன்றே மகிழ்ந்தார். ஆனால் கடன் கொடுத்தது சங்கம். அத்தொகையை அரசு சங்கத்துக்குத் திருப்பித் தந்தால்தான் அடுத்த பருவத்துக்குச் சங்கம் கடன் தர இயலும். “எங்கள் சங்கத்துக்கு எத்தனை தவணையில், எந்த நாளில்?” என்று கேட்பது அறிவிப்புக்கு மறுநாளே தொடங்க வேண்டிய வேலை.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

இவ்வினாக்களை அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் வாசித்து விவாதிக்குமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.

1. சென்ற முறை நாம் கொடுத்த மனுவில் எத்தனை கோரிக்கைகள் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை?

2. அவற்றுள் சட்டம் வேண்டியவை எவை, பணம் வேண்டியவை எவை, ஆணை மட்டும் போதுமானவை எவை?

3. நம் சங்கத்துக்கு அரசு தர வேண்டிய நிலுவை இன்று எவ்வளவு? அதற்காக நாம் செலுத்தும் வட்டி எவ்வளவு?

4. நெசவாளர்க்கும் விவசாயிக்கும் நலன் ஒன்றாக உள்ள கோரிக்கை எது? முரண்படும் கோரிக்கை எது?

5. ஒன்றே ஒன்றுதான் கேட்கலாம் எனில், எதைக் கேட்போம்?

ஐந்தாம் வினாவுக்கு ஒருமித்த விடை காண்பது எளிதன்று. தறிக்காரரும் ஏர்க்காரரும் ஓரிரவு வாதாட நேரலாம். அவ்வாதம் நம் சங்கத்தின் கூடத்தில் நடந்து முடிந்தபின், முடிவைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டு உறுப்பினரிடம் சேர்ப்போமாக.